மூன்று தகடு தொங்கிய புளியமரம்

2024 பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். மொரப்பூர் ரயில் நிலையத்தில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. மழை இல்லை, காற்றும் இல்லை. நான் குல்லாய் போட்டு, அதன்மேல் மஃப்ளர் சுற்றி, அதற்கும் மேல் ஒரு துண்டு கட்டியிருந்தேன். என்னோடு இறங்கியவர்கள் ஒன்பது பேர். ஒருவர்கூடத் தலையில் எதுவும் கட்டியிருக்கவில்லை. அதுவே எனக்குக் கவலையாக இருந்தது. குளிருக்குப் பழகிய ஒன்பது பேரின் நடுவில் பழகாதவன் நான் ஒருவன்தான்.

சேலத்திலிருந்து பேருந்தில் போனால் சீக்கிரம் போய்விடலாம் என்று மயிலாடுதுறையில் எல்லோரும் சொன்னார்கள். பேருந்து என்றால் தொப்பூர் மலைப்பாதை. அங்கே லாரி கவிழ்ந்த செய்தியை எத்தனையோ முறை பேப்பரில் படித்திருக்கிறேன். நான் பிறந்து வளர்ந்த ஊரில் தரை தோசைக்கல் மாதிரி இருக்கும். அங்கே கவிழ வேண்டுமென்றால் வாய்க்காலைத் தேடிப் போக வேண்டும். ஆகவே ரயிலில் வந்தேன்.

அழைத்தவள் வசுமதி, என் தங்கையின் மகள். தைலமரம் வளர்க்கும் விவசாயிகள் குழு ஒன்றில் வேலை பார்க்கிறாள். தைலமரத்தை வெட்டும்போது அந்த நிலத்திலிருக்கும் பழைய மரங்களை வெட்டாமல் விட வேண்டும் என்று குழுவில் ஒரு விதி. விட்டார்களா, விட்ட மரங்கள் எத்தனை, வெட்டிய பிறகும் அங்கே என்ன பறவை, என்ன பூச்சி, என்ன ஓணான் நடமாடுகிறது என்று பார்த்துக் குறிப்பது அவள் வேலை. உடன் வேலை செய்பவர் அக்கா கல்யாணத்துக்குப் போய்விட்டாராம். "மாமா, அஞ்சு நாள் வாங்க. உங்களுக்கு எண்றதுதானே பொழுதுபோக்கு" என்றாள். கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்தவனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா அது? இருந்தாலும் எழுபத்தொரு வயதில் ஒருவர் நம்மை வேலைக்குக் கூப்பிடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியவில்லை.

என் மனைவி மாத்திரைகளை ஐந்து பொட்டலங்களாகக் கட்டிக் கொடுத்தாள். ஆறாவதாக ஒன்று வை என்றேன். "அஞ்சு நாள்தானே" என்றாள். இந்த உரையாடலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தர்மபுரியிலிருந்து பாலக்கோடு போகும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. 'அள்ளி' என்று முடியும் ஊர்ப்பலகைகளை எண்ணிக்கொண்டே போனேன். எட்டாவது பலகையருகே பின்சக்கரம் காற்றுப்போய் உட்கார்ந்தது. எங்கள் பக்கமாக இருந்தால் நடத்துநர் இதற்குள் நான்கு பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். இங்கே பயணிகள் இறங்கிச் சாலையோரம் குந்தித் தக்காளி விலை பேசத் தொடங்கினார்கள். காலிக் கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வைத்திருந்த ஒருவர் என் தலையைப் பார்த்து, "ஏனுங்க, காது வலிங்களா?" என்றார்.

"பனி."

"இது பனிங்களா? மார்கழில வந்திருக்கணும் நீங்க."

மார்கழியில் வராமல் போனதற்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன்.

பாலக்கோட்டில் வசுமதி ஸ்கூட்டருடன் காத்திருந்தாள். மாரண்டஅள்ளி சாலையில் கொஞ்ச தூரம் போய் உள்ளே திரும்பினோம். அவள் வண்டி ஓட்டும் விதத்தைப் பற்றி எழுதினால் என் தங்கை படித்துவிடுவாள். விட்டுவிடுகிறேன்.

எனக்கு இடம் கொடுத்தவர் சவேரியம்மாள். குழு உறுப்பினர், அறுபதை நெருங்குகிறவர், கணவர் இல்லை. மகன் ஓசூரில் தொழிற்சாலையில் இருக்கிறான். ஓட்டு வீட்டுக்குப் பக்கத்திலேயே மகனுக்காகப் புதுவீடு எழும்பிக்கொண்டிருந்தது. சுவர் முழங்கால் உயரத்தில் நின்றுபோயிருந்தது.

"நெல வைக்காம நிக்குதுங்க" என்றார். வாசல் நிலையைச் சொல்கிறார். "அடுத்த வாரம் புதன்கெழம விபூதி புதன். நெத்தியில சாம்பல் வச்சிட்டா ஈஸ்டர் வரைக்கும் எங்களுக்கு நல்ல காரியம் கெடையாது. அதுக்குள்ள நெலய நிறுத்திப்புடணும். சர்ச்சு சாமியார் திங்கக்கெழம வந்து மந்திரிக்கறன்னு சொல்லியிருக்கறாரு."

"நிலைக்கு மரம்?"

"அதுக்கென்னங்க, காட்டுல நிக்குது. பட்ட வேம்பு. வெள்ளிக்கெழம வெட்டி, மில்லுல அறுத்துட்டா ஆசாரி ரெண்டு நாள்ல கோத்துடுவாரு."

இங்கே புஞ்சை நிலத்தைக் காடு என்கிறார்கள். எங்கள் ஊரில் ஒருவர் காட்டுக்குப் போனார் என்றால் திரும்பி வரமாட்டார்.

மத்தியானம் ராகிக் களியும் கீரைக் குழம்பும். நான் ஒவ்வொரு வாயையும் வழக்கம்போல் நன்றாக மென்று தின்றேன். சவேரியம்மாள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "களிய மெல்லக் கூடாதுங்க. உருட்டிக் கொழம்புல தோச்சி முழுங்கிடணும். இப்படி மென்னா பொழுது சாஞ்சிடும்" என்றார். மெல்லாமல் விழுங்குவது பற்றி என் டாக்டர் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். வழுக்கிக்கொண்டு போனது. சாயங்காலம்வரை பசிக்கவில்லை, எதுவும் நேரவும் இல்லை.

புதன்கிழமை விடியற்காலை நிலத்துக்குப் போனோம். தைலமரம் வெட்டிய இடம் என்றதும் மொட்டைத் தரையை எதிர்பார்த்திருந்தேன். அடிக்கட்டைகள் வரிசை வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் சாம்பல் பச்சையில் புதுத் துளிர். தரையெல்லாம் காய்ந்த இலை. காலை வைத்தால் தைல வாசனை எழுந்தது. ஊர் முழுவதும் ஜலதோஷம் பிடித்து ஒரே நேரத்தில் மருந்து தடவிக்கொண்டது போலிருந்தது. என் மூக்கு அடைப்பு பத்து நிமிடத்தில் விட்டது. அடிக்கட்டைகளுக்கு நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புளி, வேம்பு, புங்கன், நாவல் என்று விட்டுவைத்த மரங்கள் நின்றன. கூட்டம் கலைந்த பிறகும் பேச்சை முடிக்காமல் நிற்கும் ஆட்களைப் போல.

வசுமதி ஓரிடத்தில் நின்று பத்து நிமிடம் கண்ணாலும் காதாலும் பறவைகளை எண்ணினாள். நான் எழுதினேன். பிறகு இன்னோர் இடம். வெயில் ஏறுவதற்குள் இருபத்து மூன்று வகை. அதில் எனக்குத் தெரிந்தவை காக்கை, மைனா, பச்சைக்கிளி, மரங்கொத்தி. மற்றதெல்லாம் அவள் சொல்லைக் கேட்டு எழுதியதுதான்.

தரைப்பூச்சிக்கு வேறு முறை. பிளாஸ்டிக் டம்ளர்களை விளிம்புவரை மண்ணில் புதைத்துவிடுவார்கள். இரவில் ஊர்ந்து வரும் வண்டுகள் அதில் விழும். காலையில் எண்ணிவிட்டு விட வேண்டியது. முன்தினம் வசுமதி புதைத்தது நாற்பது. நான் எண்ணியது முப்பத்தெட்டு. மூன்று தடவை எண்ணினேன். வசுமதி போனால் போகிறது என்றாள். எனக்கு அப்படி விட முடியவில்லை. கடைசியில் இரண்டும் கிடைத்தன. புளி உலுக்க வந்த இரண்டு பெண்கள் அவற்றில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அது பூச்சி விழுகிற டம்ளர்" என்றேன்.

"கழுவிட்டோங்களே" என்றார் ஒருவர். மற்றவர் தன் டம்ளரை ஒருமுறை உள்ளே பார்த்துவிட்டு மீதியையும் குடித்தார்.

சவேரியம்மாளின் மூலையில் அந்தப் பட்ட வேம்பு நின்றது. பட்டை உரிந்து வெளுத்துப்போயிருந்தது. கீழே எட்டடிக்குக் கெட்டியான அடிமரம், அதற்கு மேலே கிளை முறிந்த இடத்தில் ஒரு பொந்து. பொந்துக்குள்ளிருந்து ஓர் ஆந்தை எட்டிப் பார்த்தது. உள்ளங்கையில் அடங்கும் சிறிய புள்ளி ஆந்தை. பக்கத்துக் கிளையில் இன்னும் இரண்டு. மூன்றும் என்னைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டின. ஒரு காசாளன் பழைய நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கும் பார்வை அது. வெள்ளிக்கிழமை இந்த மரம் விழப் போகிறது என்பது நினைவுக்கு வந்தது. என் வேலை எண்ணுவது. ஆந்தை மூன்று என்று எழுதிக்கொண்டேன்.

வியாழக்கிழமை மரக் கணக்கு. விதி இதுதான்: ஏக்கருக்கு நான்கு பழைய மரமாவது நிற்க வேண்டும். குறிப்பிட்ட பருமன் இருந்தால் போதும், பச்சை மரமானாலும் சரி, பட்ட மரமானாலும் சரி. சவேரியம்மாளின் நிலமும் அதை ஒட்டிய மூன்று அண்ணன் தம்பிகளின் நிலமும் சேர்ந்து கணக்குக்கு ஒரே துண்டு, ஒன்பது ஏக்கர். முப்பத்தாறு மரம் வேண்டும். வெட்டுவதற்கு முன்னால் உறுப்பினர்கள் தாங்களே மரத்துக்கு மரம் எண் எழுதிய தகரத் தகடு கட்டிவிட்டுக் கொடுத்த பட்டியலில் முப்பத்தேழு இருந்தது. ஒரு துண்டில் ஒரு மரம் குறைந்தாலும் குழுவிலுள்ள பன்னிரண்டு குடும்பத்துக்கும் இந்த வருடம் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாவிட்டால் காகித ஆலை கூடுதல் விலை தராது.

மூன்று சகோதரர்களில் மூத்தவர் பெயர் சின்னப்பையன். வயது அறுபத்தெட்டு, வெள்ளை மீசை, மூன்று பேரன்கள். இந்த மாவட்டத்தில் இந்தப் பெயர் சாதாரணம் என்றாள் வசுமதி. அவரும் அடுத்த தம்பி முனியப்பனும் எங்களோடு வந்தார்கள். சவேரியம்மாளும் வந்தார். கடைசித் தம்பி மாது பெங்களூரில் இருக்கிறார்.

அண்ணன் தம்பி மூவரின் நிலமும் சந்திக்கும் முனையில் ஒரு பெரிய புளியமரம். ஒன்பதாம் எண் தகடு தொங்கியது. எழுதிக்கொண்டேன். முனியப்பன் நிலத்தில் பதினேழாம் எண்ணைத் தேடினேன். இல்லை. மாதுவின் நிலத்தில் இருபத்து நாலாம் எண்ணும் இல்லை. வெயிலில் இரண்டு நிலத்தையும் இரண்டு சுற்றுச் சுற்றினேன். கால் வலித்து நிழலுக்காக அந்தப் புளியமரத்தின் பின்பக்கம் போய் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன். மேற்கே போன கிளையில் பதினேழு தொங்கியது. தெற்குக் கிளையில் இருபத்து நாலு.

"இது ஒரே மரமாயிற்றே" என்றேன். எல்லோரும் நிற்கும்போதே, சத்தமாக.

"மரம் ஒண்ணுதாங்க" என்றார் சின்னப்பையன். "பங்கு மூணு. கெழக்குக் கெள என்து, மேக்க முனியனுது, தெக்க மாதுவுது. பத்தரத்துலயே இருக்குது."

"மரத்தை எண்ணுவதென்றால் அடிமரத்தைத்தான் எண்ண வேண்டும்."

"எந்தம்பி கெளையில நான் ஒரு புளி உலுக்கிட்டா வெட்டுக்குத்து ஆயிடும். சண்டைக்கு மட்டும் மூணு மரம், கணக்குக்கு ஒண்ணுங்களா?"

அவர் பொய் சொல்லவில்லை. மூவரும் அவரவருக்குச் சொந்தமானதை அவரவர் பட்டியலில் நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் முப்பத்தேழு முப்பத்தைந்தாகிவிட்டது. ஒன்று குறைகிறது. வெட்டிய நிலத்தில் பழைய மரம் ஒன்றை நட்டு வளர்க்க முடியாது.

வசுமதி என்னைத் தனியே கூப்பிட்டாள். "மாமா, இதை எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தால் முப்பத்தேழு என்று அனுப்பியிருப்பாயா?"

"மாட்டேன். ஆனா அவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிக்க ஒரு ராத்திரி கெடச்சிருக்கும்."

அது நியாயம்.

கணக்கில் சேராத மரம் ஒன்றே ஒன்றுதான் அந்த ஒன்பது ஏக்கரில் நின்றது என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் அதன் பக்கம் திரும்பவில்லை. சவேரியம்மாளே கடைசியில் பேசினார். "எல்லாரும் ஏன் தரையப் பாக்கறீங்க? என் வேம்பத்தான நெனைக்கறீங்க. அது என் வூட்டு நெல. முன்னாலயே சொல்லிட்டன்."

சின்னப்பையன் தொண்டையைச் செருமினார். "ஏம்மா சவேரி, ஆந்த குடியிருந்த மரத்துல யாராவது நெல வைப்பாங்களா? வூட்டுக்கு ஆவுமா அது?"

"நாங்க வேதக்காரங்க. எங்களுக்கு ஆந்தையும் ஒண்ணுதான், மயிலும் ஒண்ணுதான்."

"தைலமரத்துல பெரிய கட்டையாப் பாத்து நான் தர்றன்."

"தைலமரத்துல நெல வச்சா ஆறு மாசத்துல முறுக்கிக்கும். கெழக்கப் பாத்த வாசல் ஒங்க வூட்டப் பாக்கும். பரவால்லயா?"

முனியப்பன் சிரித்துவிட்டார். அண்ணன் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார். சவேரியம்மாள் வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார். அவருக்கும் சான்றிதழ் வேண்டும். அவருக்கு வாசலும் வேண்டும். இரண்டும் ஒரே மரத்தில் நின்றன. அதை அப்படி ஆக்கியது என் எண்ணிக்கை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு மரம் வெட்டும் இருவர் சவேரியம்மாள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். அவர் அவர்களுக்கு டீ கொடுத்தார். பிறகு இன்னொரு டீ கொடுத்தார். போங்கள் என்றும் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. மூன்றாவது டீ கொதிக்கும்போது சின்னப்பையன் வந்தார், துண்டைக் கையில் வைத்துக்கொண்டு.

"ராத்திரி பேசுனம். எங்கப்பன் கட்டுன பழைய வூட்டுல நெல அப்படியே நிக்குது. சுத்தமான வேங்க. வூடு விழுந்து ஏழு வருசமாச்சி, நெல ஒரு நூலு அசையல. அத எடுத்துக்கம்மா. வேம்பு நிக்கட்டும்."

சவேரியம்மாள் அடுப்பைப் பார்த்தபடியே கேட்டார். "அந்த வூடும் மூணு பங்குதானங்ணா?"

"அதுக்குத்தான் மாதுவக் கேக்கணும்."

போனை ஸ்பீக்கரில் போட்டார். பெங்களூரில் மாது பேருந்தில் இருந்தார்போலிருக்கிறது, பின்னால் கன்னடத்தில் யாரோ நிறுத்தம் பெயர் கத்தினார்கள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நெலயில என் பங்கு எதுண்ணா? மேல்சட்டமா, வாசப்படியா?" என்றார்.

"ஒனக்குத் தாப்பாள். குடுக்கறியா, இல்லையா?"

"சவேரி அக்காவுக்குன்னா குடுங்க. தாப்பாளு மட்டும் எனக்கு வச்சிருங்க."

மரம் வெட்ட வந்தவர்கள் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்கள். சவேரியம்மாள் ஒரு நிபந்தனை போட்டார். திங்கட்கிழமை சாமியார் வரும்போது நிலை நின்றுகொண்டிருக்க வேண்டும். நிற்காவிட்டால் செவ்வாய்க்கிழமை காலை வேம்பு கீழே கிடக்கும். சின்னப்பையன் ஒப்புக்கொண்டார்.

நான் கிளப்பிய சிக்கலுக்கு ஏதாவது ஈடு செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரே தவிப்பு. கொத்தனார் வேறு ஊரில் வேலையில் இருந்தார். சனிக்கிழமை வந்து வாசலுக்கு இடம் விட்டுச் சுவரை எழுப்புவதாகவும், அகலம் மட்டும் சொன்னால் போதும் என்றும் போனில் சொன்னார். என்னிடம் அளவு நாடா இருந்தது. இடிந்த வீட்டுக்குள் போனேன். கூரை இல்லை, சுவர் பாதி இல்லை. நடுவில் அந்த வேங்கை நிலை மட்டும் கறுத்து, யாரோ இப்போதுதான் தாண்டிப் போனதுபோல நின்றது. நான்கு முறை அளந்தேன். நான்கு முறையும் மூன்றடி இரண்டு அங்குலம். கொத்தனாரிடம் சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். நான் மறுபடி சொன்னேன்.

சனிக்கிழமை சுவர் மார்பு உயரம் வந்தது. வசுமதி வேம்பில் முப்பத்தெட்டு என்று ஒரு புதுத் தகடு கட்டினாள். புளியமரத்தில் அதிகப்படியாக இருந்த இரண்டு தகடுகளை அவிழ்க்கப் போனபோது முனியப்பன் தடுத்தார். "கணக்குல எப்படி வேணாலும் எழுதிக்குங்க மேடம். தகடு இருக்கட்டும். எடுத்தா பங்கு போயிட்ட மாதிரி இருக்குது." ஆகவே அந்த மரத்தில் மூன்று தகடும் இன்னும் தொங்குகின்றன. வசுமதி சாயங்காலம் கணக்கை அனுப்பினாள்: முப்பத்தாறு.

அன்றோடு என் ஐந்து பொட்டல மாத்திரையும் தீர்ந்தது. நிலை நிற்பதைப் பார்க்காமல் ஊருக்குப் போக எனக்கு மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை பாலக்கோட்டுக்குப் போய் மாத்திரை வாங்கிக்கொண்டு, தக்காளி ஏற்றும் வண்டியில் முன்னால் உட்கார்ந்து திரும்பினேன். மனைவிக்குப் போன் செய்து ஆறாவது பொட்டலத்தைப் பற்றி நினைவூட்டினேன். "ஊர் பிடிச்சுப்போச்சா?" என்றாள். களி மெல்லாமல் விழுங்கப் பழகிவிட்டேன் என்றேன். மத்தியானம் கோழிக் குழம்பு. சாயங்காலம் தனியாகப் போய் வேம்படியில் நின்றேன். ஆந்தை மூன்றும் இருந்தன.

திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரை முதல் ஒன்பது. சவேரியம்மாளுக்கு அது பொருட்டல்ல. சின்னப்பையன் தன் வீட்டு நிலையை ராகுகாலத்தில் கொடுக்கமாட்டேன் என்றுவிட்டார். ஒன்பது ஐந்துக்கு எட்டுப் பேர் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சாமியார், முப்பத்தைந்து வயது இருக்கும், பைக்கில் வந்து இறங்கினார். பன்னிரண்டு மணிக்கு இன்னோர் ஊரில் ஓர் அடக்கம் இருக்கிறது, பதினொன்றரைக்குக் கிளம்ப வேண்டும் என்றார்.

நிலையைச் சுவர் இடைவெளிக்கு நேராகக் கொண்டுவந்து வைத்தார்கள். உள்ளே போகவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள். போகவில்லை.

கொத்தனார் நிலையைப் பார்த்தார், இடைவெளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐயா, நீங்க சொன்னது உள்ளளவுங்களா?"

நிலையின் இரண்டு கால்களில் ஒவ்வொன்றும் ஐந்து அங்குலக் கனம். ஒரு கதவு எவ்வளவு அகலத்துக்குத் திறக்கும் என்பதை நான்கு முறை சரியாக அளந்திருக்கிறேன். நிலை எவ்வளவு இடம் பிடிக்கும் என்று ஒரு முறைகூட அளக்கவில்லை. பத்து அங்குலம் குறைந்தது.

எனக்கு முதுகில் வியர்த்தது. குல்லாயைக் கழற்றினேன். சவேரியம்மாள் வடக்குப் பக்கச் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார். "ரெண்டு நாள் சுவருதான. ஈரம் காஞ்சிருக்காது. இந்தப் பக்கம் ஒடைங்க."

"பத்தரைக்கு எமகண்டம் ஆரம்பிக்குது" என்றார் சின்னப்பையன்.

"அப்ப கடப்பாரையச் சீக்கிரம் புடிங்கண்ணா."

சின்னப்பையன்தான் முதல் குத்துக் குத்தினார். முனியப்பன் செங்கல்லை உருவினார். மண்வெட்டியால் காரையை அள்ளினேன். வசுமதி என் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள். சாமியார் சட்டைக் கையை மடித்துவிட்டுச் செங்கல் சுமந்தார். நடுவில் ஒருமுறை என்னிடம், "இதெல்லாம் எண்ணிட்டீங்களா?" என்று கேட்டார். நூற்றுப் பதினான்கு என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.

பதினொன்று பதினைந்துக்கு நிலை நின்றது. அடியில் சவேரியம்மாள் மாதா சுரூபம் பொறித்த ஒரு சிறிய பதக்கமும் ஒரு வெள்ளிக் காசும் வைத்தார். சின்னப்பையன் எமகண்டத்தைப் பற்றி அதன்பிறகு பேசவில்லை. எல்லோரும் சாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சின்னப்பையன் குனிந்து மஞ்சள் துணியில் எதையோ முடிந்து இன்னொரு காலடியில் வைத்ததை நான் பார்த்தேன். சவேரியம்மாளும் பார்த்தார். சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். பதினொன்று முப்பத்திரண்டுக்குச் சாமியார் பைக் கிளம்பியது.

இடித்ததைத் திரும்பப் பூசி முடிக்க மாலையாகிவிட்டது. கொத்தனார் கூலியைப் பற்றிப் பேச்சு வந்தபோது நான் தர வேண்டும் என்றேன். சவேரியம்மாள் மறுப்பார் என்று எதிர்பார்த்து, வற்புறுத்துவதற்கான வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன்.

"குடுங்க" என்றார். "நீங்க அளந்ததுதான." பிறகு உள்ளே போய் எனக்கு இரண்டு உருண்டை களி கொண்டுவந்து வைத்தார். வழக்கமாக ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை சேலம் வழியாகப் பேருந்திலேயே திரும்பினேன். தொப்பூர் இறக்கத்தில் லாரிகளை எண்ணலாம் என்று நினைத்திருந்தேன். தூங்கிவிட்டேன். விழித்தபோது சமவெளி. வீட்டுக்கு வந்ததும் மனைவி, அவ்வளவு தூரம் போய் எனக்கு என்ன வாங்கி வந்தீர்கள் என்று கேட்டாள். புளி இரண்டு கிலோ, மூன்று பங்கிலிருந்தும் கலந்து கொடுத்தார்கள் என்றேன். மொத்தம் எவ்வளவு செலவு என்றாள். போக வரக் கட்டணம், மாத்திரை, வழிச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆயிரத்து எழுநூற்று முப்பது ரூபாய். அதோடு, வேறொருவர் வீட்டு வாசலைப் பத்து அங்குலம் அகலப்படுத்தியதற்கு இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது.